டென்மார்க்கின் சிப்பி மேடுகள்: எந்தச் சொல் பொருந்தும்?

வணக்கம். எர்டபோலே பண்பாடு (டென்மார்க்கின் கற்காலக் கடலோர மக்களுடையது) பற்றிய கட்டுரைக்கு ஒரு கலைச்சொல் தேவை: அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த மேட்டை எப்படிச் சொல்வது? டேனியர் ‘கோக்கென்மோதிங்’ என்பார்கள்; சமையல் குப்பை என்று பொருள். பிற ஐரோப்பிய மொழிகள் சிலவும் அதையே வாங்கிக்கொண்டன. ‘சமையற்கழிவு மேடு’ சரியா? ‘எச்சமேடு’ என்று சுருக்கலாமா?

> சமையற்கழிவு மேடு / எச்சமேடு

இரண்டும் வேண்டாம். எச்சம் என்றால் பறவை எச்சம்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘கழிவு’ பொருளையே குறுக்கிவிடுகிறது. கி.மு. 5400 முதல் 3950 வரை டென்மார்க்கின் யூட்லாந்துத் தீபகற்பத்துக் கடலோர மக்கள் சிப்பியைத் தின்று ஓடுகளை எறிந்ததோடு நிற்கவில்லை. அந்த மேட்டின்மேலேயே அடுப்பு மூட்டினார்கள், சிக்கிமுக்கிக் கல் செதுக்கினார்கள், சில இடங்களில் இறந்தோரையும் புதைத்தார்கள். பண்பாட்டுக்கே பெயர் தந்த எர்டபோலே மேடு, லிம்ஃபியோர்ட் என்ற கடற்கழியின் கரையில் 140 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஏறக்குறைய 2 மீட்டர் தடிமன். 1893 முதல் 1897 வரை தோண்டினார்கள். இவ்வளவு பெரிய வாழிடத்தைக் கழிவு என்பது அநியாயம். என் பரிந்துரை: கிளிஞ்சல் மேடு.

> கிளிஞ்சல் மேடு

கழிவு கூடாது என்பதில் உடன்படுகிறேன். ஆனால் ‘கிளிஞ்சல்’ சிக்கலில் மாட்டும். சுண்ணாம்புக்கு அள்ளும் இயற்கைக் குவியலையும் நம் கடலோரத்தில் கிளிஞ்சல் என்றுதானே சொல்கிறோம்? இந்த மேடுகளின் ஆய்வில் முதலில் தீர்க்க வேண்டியிருந்ததும் இயற்கைக் குவியலா, மனிதர் குவித்ததா என்ற அந்தக் குழப்பம்தான். 1848இல் டென்மார்க்கில் நிலவியலாளர் ஃபோர்க்ஹம்மர், விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரூப், தொல்லியலாளர் வோர்சோ மூவரையும் கொண்ட குழு அமைந்தது. கடல் ஒதுக்கிய படிவில் குஞ்சுச் சிப்பியும் முதிர்ந்ததும் கலந்து கிடக்கும். மனிதர் குவித்ததில் முதிர்ந்தவையே மிகுதி. ஒன்றாக வாழாத இனங்கள் சேர்ந்திருக்கும். கரியும் கல்லாயுதமும் உடைத்த எலும்பும் வரும். பறவை எலும்புகளில் முனைகள் போய் நடுத்தண்டே மிஞ்சியிருந்தது. ஸ்டீன்ஸ்ட்ரூப் நாய்களுக்கு எலும்பு போட்டுப் பார்த்தார். அதே தண்டுகள் மிஞ்சின. மேட்டைக் குவித்த மக்களிடம் வளர்ப்பு நாய் இருந்தது தெரிந்தது. ஓட்டின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தணிப்பதால்தான் எலும்பு இவ்வளவு காலம் நின்றது.

ஆகவே மனிதர் குவித்தது ‘சிப்பிமேடு’, இயற்கையானது ‘கிளிஞ்சல் படிவு’ என்று பிரித்துவிடலாம். தக்காணத்தில் புதிய கற்கால மக்கள் சாணத்தை எரித்ததால் குவிந்த ‘சாம்பல் மேடு’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் ‘மேடு’ உறுத்தாது. மேலடுக்குகளில் உண்சிப்பி (oyster) குறைந்து மட்டி (cockle) மிகும் இடங்களுக்கும் ‘சிப்பி’ பொதுச்சொல்லாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: ‘மேடு’ என்றதும் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று எழுதிவிடாதீர்கள். வடக்கு டென்மார்க்கில் நிலம் உயர்ந்ததால் மேடுகள் கரையில் தப்பின. தெற்கே அதே காலத்துக் கரையோரக் குடியிருப்புகள் கடலுக்கடியில் கிடக்கின்றன. அவற்றுக்கு ‘மூழ்கிய வாழிடம்’ என்று தனிப்பதிவு போடுங்கள்.