ஹெர்மனஸில் மூன்று நாட்கள்: சென்று வந்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பர் இறுதியில் மனைவியுடனும் எழுபது வயதைக் கடந்த அம்மாவுடனும், கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹெர்மனஸில் மூன்று நாட்கள் தங்கவிருக்கிறேன். ஜூன் முதல் நவம்பர் வரை சதர்ன் ரைட் திமிங்கலங்கள் குட்டி ஈனவும் இணைசேரவும் வாக்கர் விரிகுடாவுக்கு வருவதால், அவற்றைக் காண்பதே எங்கள் முதல் நோக்கம்.

உரிமம் பெற்ற படகுகள் திமிங்கலத்தை 50 மீட்டர் வரை நெருங்கலாம் என்றாலும், ஏரியில் படகேறினாலே அம்மாவுக்குக் குமட்டும் என்பதால் கரையிலிருந்து பார்ப்பதையே விரும்புகிறோம். பாறை விளிம்பை ஒட்டிச் செல்லும் 12 கிலோமீட்டர் நடைபாதையில், முழங்கால் வலி உள்ளவர் ஏறி இறங்காமல் நடந்து, இருக்கையில் அமர்ந்து கடலைப் பார்க்கத் தோதான பகுதி எது? பழைய துறைமுகத்தை ஒட்டிய பகுதி போதுமா? கடற்பாசித் தண்டை உலர்த்திச் செய்த கொம்பை ஊதித் திமிங்கல வரவை அறிவிப்பவரை எந்த நேரத்தில் அங்கே காணலாம்? (அம்மாவுக்குத் திமிங்கலத்தைவிட அவர்மீதுதான் ஆர்வம்.)

போகும்போது கோர்டன்ஸ் பே வழியான கடலோரச் சாலையில் சென்று, பெட்டிஸ் பேயில் ஸ்டோனி பாயிண்ட் பென்குயின்களைப் பார்க்க எண்ணுகிறோம். வாடகைக் காரை நானே ஓட்டுவதால், காற்று பலமாக வீசும் நாளில் அந்த வளைவுச் சாலை பாதுகாப்பானதா என்பதையும் தெரிவியுங்கள். கான்ஸ்பாயில் கூண்டுக்குள் இறங்கிச் சுறா பார்க்கும் திட்டத்தை மனைவி ஒரே சொல்லில் நிராகரித்துவிட்டார். நாங்கள் சைவம், முட்டையும் உண்பதில்லை. ஆகவே சமையலறையுடன் கூடிய தங்குமிடம் எடுப்பதா, உணவகங்களை நம்புவதா என்றும் கூறினால் உதவியாக இருக்கும்.