கார் கேரியருக்கு மாறணும், எந்தக் கம்பெனி சரி?

வணக்கம். 6 வருஷமா 40 அடி கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுறேன், அடுத்த மாசம் கார் கேரியருக்கு (புதுக் கார்கள ரெண்டு தட்டுல ஏத்திப் போற டிரெய்லர்) மாறணும். லோடு சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஓரகடம். லைன் டெல்லி பக்கம் குருகிராம், ஒரு வழிக்கே 2,000 கி.மீ.க்கு மேல.

ரெண்டு கம்பெனில பேசிட்டேன். ஒண்ணு மாசச் சம்பளம், பேட்டா தனி. ரிட்டன் லோடுக்கு யார்டுல நின்னாலும் பேட்டா உண்டு. ஆனா கார்ல கீறல், நெளிவு விழுந்தா சம்பளத்துல பிடிப்பாங்க, உச்சவரம்பு எழுத்துல இல்ல. இன்னொண்ணு டிரிப் ரேட், டீசல் மிச்சம் நமக்கு. காசு கூட, ஆனா காத்திருக்கிற நாளுக்கு ஒண்ணும் கிடையாது.

ரெண்டுலயும் ஏத்தி இறக்கப் பழக்குறது கிடையாதாம். என் பயமே அங்கதான்: ராம்ப் சரிவு தப்பினா முன் பம்பர் உரசும், கார் சக்கரத்தக் கட்டுற வீல் பெல்ட் ஓட ஓடத் தளரும், மேல் தட்டு கார்ல மரக்கிளை படும். லோடிங்ல கார் நிலைய போட்டோ எடுத்துக் கையெழுத்து வாங்கலாமான்னு கேட்டேன், "பாத்துக்கலாம்"னாங்க. யார்டு வாசல்ல டிரைவர்களக் கேட்டா ஆளுக்கொரு பதில்.

இந்த லைன்ல ஓட்டுறவங்க சொல்லுங்க: முதல் வருஷத்துக்கு இந்த ரெண்டுல எது?