புதுப்பிப்பு: .243 துப்பாக்கியில் மான் வேட்டைக்கு எந்தக் குண்டு என்று கேட்டிருந்தேனே, முடிவு இதோ

கொலராடோவில் மியூல் மான் வேட்டைக்கு என் .243 வின்செஸ்டர் துப்பாக்கியில் எந்தக் குண்டு சரிவரும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக என் கையில் இருந்த 58 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டு அங்கே சட்டப்படியே செல்லாது என்று எச்சரித்தவருக்கு. மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன் வேண்டும், எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கு 85.

மிச்சமிருந்த இரண்டு யோசனைகளையும் 100 கஜத்தில் சுட்டுப் பார்த்தேன். 80 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு என் குழலுக்கு ஏனோ ஒத்துவரவில்லை, இரண்டரை அங்குலம் சிதறியது. நடுவில் தடுப்பு வைத்த 100 கிரெய்ன் நாஸ்லர் பார்ட்டிஷன் குண்டு ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுந்தது, ஆனால் குறிக்கு இரண்டு அங்குலம் கீழே, அதனால் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திரும்பச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

பிறகு அதே குண்டோடு வேட்டைக்குப் போனேன். மான் நின்றது 140 கஜத்தில்; முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், ஒரே வெடி. நாற்பது கஜம் ஓடி விழுந்தது. அறுத்துப் பார்த்தால், குண்டின் முன்பாதி விரிந்து நுரையீரலைக் கூழாக்கியிருந்தது, பின்பாதி மறுபக்கம் துளைத்து வெளியேறிவிட்டது.

எதிர்பாராத ஒன்று: வெளியேறிய துளை சுண்டுவிரல் அளவுதான், முதல் இருபது கஜத்துக்கு ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை, குளம்புத் தடத்தை வைத்துத்தான் தேடினேன். எல்க்குக்கு இதே துப்பாக்கி வேண்டாம் என்று சொன்னவர்கள் சொன்னதும் சரிதான், அதற்கு மச்சானுடைய .30-06 என்ற பெரிய துப்பாக்கியை இரவல் கேட்கப்போகிறேன்.