கிரவுன் பினியன் மாற்றிய பின் ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது: எத்தனை பல் சக்கரம் போட வேண்டும்?

கேள்வி:
வணக்கம். பின்சக்கர இயக்கமுள்ள என் பழைய காரில் ஏற்றத்தில் இழுவை போதாததால், 3.73 விகிதக் கிரவுன் பினியனை (கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கடத்தும் பல் சக்கர இணை) கழற்றிவிட்டு 4.10 விகிதத்தைப் பொருத்தினேன். டயர் அளவை மாற்றவில்லை. இழுவை கூடிவிட்டது, ஆனால் ஜிபிஎஸ் 100 கி.மீ. வேகம் என்று காட்டும்போது ஸ்பீடோமீட்டர் முள் 114-இல் நிற்கிறது. 4.10-ஐ 3.73-ஆல் வகுத்தால் 1.10 தானே வருகிறது, மீதி 4 எங்கிருந்து வந்தது என்பது புரியவில்லை. கியர் பெட்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிளைச் சுழற்றும் சிறிய பல் சக்கரத்தில் இப்போது 18 பற்கள் உள்ளன. அதை 1.14-ஆல் பெருக்கினால் 20.5 வருவதால், 21 பல் சக்கரம் வாங்கிவிடலாமா?

மறுமொழி:
தயவுசெய்து பொறுங்கள். கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே நேர்ச்சாலையில் 10 கி.மீ. ஓட்டி, ஓடோமீட்டர் (ஓடிய தூரத்தைக் காட்டும் எண்) எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லுங்கள். முள்ளை விட அதுவே நம்பத்தக்க சாட்சி.

கேட்டவர்:
இன்று ஓட்டிப் பார்த்தேன் ஐயா. 10 கி.மீ. தூரத்துக்குச் சரியாக 11 ஏறியது.

மறுமொழி:
அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. கேபிள் கொண்ட மீட்டரில் ஓடோமீட்டர் பல் சக்கரங்களால் நேரடியாகச் சுழல்வதால், கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதை அப்படியே எண்ணுகிறது. முள்ளோ, சுழலும் காந்தம் ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் ஒன்று அதை எதிர்த்துப் பிடிக்க, அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சமநிலையில் நிற்பது. அதைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி அமைப்பார்கள். ஐ.நா.வின் 39-ஆம் ஒழுங்குவிதிப்படி மீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டுவது உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. 100-க்கு 114 என்பது அந்த வரம்பின் விளிம்பு. ஓடோமீட்டர் 1.10 மடங்கு மட்டுமே கூட்டி எண்ணுவதால், மீதி 4 முள்ளின் பழைய பிழை. ஆக, விகிதத்தை மாற்றுவதற்கு முன்பே உங்கள் மீட்டர் 100-க்கு ஏறத்தாழ 104 காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் அப்போது ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே விகித மாற்றத்தை மட்டும் சரிசெய்யுங்கள். சிறிய சக்கரத்தில் பற்கள் கூடினால் கேபிள் மெதுவாகச் சுற்றும். 18-ஐ 1.10-ஆல் பெருக்கினால் 19.8; ஆகவே 20 பல் சக்கரம் போதும். முள் 102 அல்லது 103-க்கு இறங்கும், ஓடோமீட்டர் ஒரு விழுக்காடு மட்டும் குறைவாக எண்ணும். 21 போட்டால் முள் 98-க்கும் கீழே இறங்கிவிடும், அது ஆபத்து. சில கியர் பெட்டிகளில் இந்தச் சக்கரத்தைத் தாங்கும் உறை மையம் விலகியதாக இருக்கும். அதைப் பற்களின் எண்ணிக்கைக்கேற்பத் திருப்பிப் பொருத்தாவிட்டால் பற்கள் சரியாகக் கவ்வாமல் தேய்ந்துபோகும்.

வேறொருவரின் மறுமொழி:
மின்னணு மீட்டர் உள்ளவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். வேகம் சக்கரங்களிலுள்ள ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு) சென்சார்களிலிருந்து வருமானால், கிரவுன் பினியன் விகிதத்தை மாற்றினாலும் மீட்டர் தவறாகக் காட்டாது. கியர் பெட்டியின் வெளியீட்டுத் தண்டிலிருந்து வந்தால், சென்சார் அனுப்பும் மின் துடிப்புகளை 0.91-ஆல் (3.73 ÷ 4.10) பெருக்கித் தரும் திருத்தக் கருவியை மீட்டருக்குச் செல்லும் கம்பியில் மட்டும் பொருத்துங்கள். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கணினி அதே துடிப்புகளைக் கொண்டுதான் உள்ளீட்டு, வெளியீட்டுச் சுழற்சிகளை ஒப்பிடுகிறது. அதற்கும் திருத்திய எண்ணைக் கொடுத்தால், கியர் வழுக்குவதாக எண்ணி எச்சரிக்கை விளக்கை எரியவைத்துவிடும்.

கேட்டவர்:
20 பல் சக்கரம் பொருத்தியாயிற்று. ஜிபிஎஸ் 100 காட்டும்போது முள் 103-ஐத் தொடாமல் நிற்கிறது, 10 கி.மீ.க்கு ஓடோமீட்டர் 9.9 ஏறுகிறது. உறையைக் கழற்றியபோது பழைய ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்ததால் அதையும் மாற்றிவிட்டேன். எண்ணெய்க் கசிவு இல்லை. இருவருக்கும் நன்றி.