'ஸ்டேட்டஸ்' என்பதற்கு 'வதிநிலை' என்று வைக்கலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வந்தாறுமூலையிலும் (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலிலும் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பட்டம் முடித்து மேற்படிப்புக்கு வெளிநாடு போகிற பிள்ளைகளுக்காக எழுதிவரும் தமிழ் வழிகாட்டியில், வீசா வகைகள் பற்றிய பகுதி மட்டும் இன்னும் முடியவில்லை. 'வீசா'வுக்குத் தமிழ் என்ன என்று இங்கே நிறையப் பேசிவிட்டோம். நுழைவிசைவு, நுழைவனுமதி இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் மட்டக்களப்பில் ஒரு தாய் "மகனுக்கு வீசா கிடைச்சிட்டா?" என்றுதான் கேட்பார். அந்தச் சொல் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். என்னைத் தடுப்பது அதற்குப் பக்கத்தில் நிற்கிற 'ஸ்டேட்டஸ்'.

அமெரிக்கச் சட்டப்படி வீசா என்பது கடவுச்சீட்டில் ஒட்டப்படும் தாள். எல்லையில் போய் நின்று உள்ளே விடும்படி கேட்க மட்டுமே அது உதவும். உள்ளே போன பிறகு அங்கே இருப்பதற்கான தகுதி, அதாவது 'ஸ்டேட்டஸ்', தனியானது. எல்லை அதிகாரி அனுமதிக்கும்போது உண்டாகும் ஐ-94 பதிவிலும், பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்திலும், மாணவர் விதிகளைக் கடைப்பிடிப்பதிலும் அது தங்கியிருக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் வகையில் போன மாணவி ஒருவரின் வீசாத் திகதி படிப்பின் நடுவில் முடிந்துபோகலாம். அதனால் அவர் உடனே வெளியேற வேண்டியதில்லை. நாட்டைவிட்டு வந்தால் திரும்பிப் போகும்போதுதான் பெரும்பாலும் புது வீசா வேண்டும். மறுபக்கம், வீசாவில் இன்னும் மூன்று வருடம் இருந்தாலும், அனுமதி வாங்காமல் பாடங்களைக் குறைத்துக்கொண்டால் தகுதி போய்விடும்.

தமிழில் இரண்டையும் 'வீசா' என்றே சொல்கிறோம். அதனால்தான் ஊரிலிருக்கிற குடும்பங்கள் "வீசா முடிஞ்சுது, இனி அங்க இருக்க ஏலாது" என்று பயப்படுகின்றன. உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் பயப்படுவதில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்காமல் வகைகளை விளக்கிப் பயனில்லை.

நான் முன்வைப்பது 'வதிநிலை'.

வதிதல் என்றால் ஓரிடத்தில் தங்கி வாழ்தல். பறவைகள் மரக்கிளையில் வதிவதாகப் பழம்பாட்டுகளில் வரும். நமக்கோ அது பழஞ்சொல் மட்டும் அல்ல. வதிவிடம் என்று நாளாந்தம் எழுதுகிறோம். ஒலுவிலுக்குப் படிக்க வருகிற வெளிநாட்டு மாணவர் எடுப்பதும் 'வதிவிட வீசா'தான். வினைத்தொகையாகச் சேர்வதால் சொல் சிறியது, வாக்கியத்துக்குள் வளைந்தும் கொடுக்கும்: எஃப்-1 வதிநிலை, வதிநிலை இழத்தல், வதிநிலை மாற்றம். ஐக்கிய இராச்சியத்திலும் உள்ளே நுழைவதற்கான அனுமதியும் தங்கியிருப்பதற்கான அனுமதியும் வேறுவேறாகப் பேசப்படுவதால், அந்தப் பகுதிக்கும் இதே சொல் உதவும்.

கோயம்புத்தூர் நண்பர் 'தங்குநிலை' என்றார். எளிமையான சொல், தமிழ்நாட்டில் உடனே புரியும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கைத் தமிழில் 'தங்கியிருத்தல்' என்பதற்குச் சார்ந்திருத்தல் என்ற பொருளும் உண்டு. இதே மடலில் மேலே நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். குடும்ப வருமானத்தில் வாழ்பவர்களைத் 'தங்கி வாழ்வோர்' என்போம். வீசா வகைகளில் எஃப்-2, ஜே-2, எச்-4 எல்லாம் மாணவரை அல்லது ஊழியரைச் சார்ந்து போகும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. 'எஃப்-2 தங்குநிலை' என்று எழுதினால் நம் வாசகருக்கு அது சார்ந்து வாழும் நிலை என்றே படும். துணைவர் விதிகளை மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டிய இடம் அது: எஃப்-2 துணைவர் வேலை செய்ய முடியாது, ஜே-2 துணைவர் அனுமதி பெற்று வேலை செய்யலாம். வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு போவதா என்று யோசிக்கிற பெண்ணுக்கு இந்த ஒரு வித்தியாசமே முடிவைத் தீர்மானிக்கலாம். இப்படிச் சார்ந்து போகிறவர்களுக்குத் 'தங்கி வாழ்வோர்' என்பதை விட 'உடன்செல்வோர்' என்று வைத்தால் மரியாதையாகவும் இருக்கும்.

'குடிவரவு அந்தஸ்து' என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அந்தஸ்து என்றதும் சமூக மதிப்பு முன்னால் வந்துவிடுகிறது, அதனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டில் 'வதி' புரியாது என்ற கவலை நியாயமானது. ஆனாலும் கரை தாண்டாத சொல் என்று முன்கூட்டியே ஒதுக்க வேண்டாம். நம் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்தான் சென்னையில் 1930களில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். ஒரு கரையில் பிறந்த சொல்லை மறுகரையும் எடுத்தாளுவது நமக்குப் புதிதல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'எக்ஸ்சேஞ்ச் விசிட்டர்' எனப்படும் ஜே-1 வகைக்குப் 'பரிமாற்றப் பார்வையாளர்' என்று பலர் எழுதுகிறார்கள். பார்வையாளர் என்றால் கூத்துப் பார்க்க வந்தவர். 'வருகைதரு விரிவுரையாளர்' நமக்குப் பழக்கமான சொல்தானே, அந்த வழியில் 'பரிமாற்ற வருகையாளர்' எனலாம். ஆய்வுக்கும் கற்பிக்கவும் போகிற ஊழியர் பலர் இந்த வகையில்தான் போகிறார்கள். அவர்களுக்கு உச்சக் காலம் 5 வருடம். எச்-1பி என்ற தொழில் வகை கேட்கிற வேலைக்கு ('ஸ்பெஷாலிட்டி ஒக்கியுபேஷன்') அந்தத் துறையில் குறைந்தது இளமாணிப் பட்டம் அல்லது அதற்குச் சமமான தகைமை வேண்டும். இங்கே 'சிறப்பு' என்றால் சிறப்புப் பட்டம் நினைவுக்கு வருவதால் 'சிறப்புத் தொழில்' வேண்டாம், 'துறைத்தகைமைப் பணி' போதும். எச்-1பிக்கு உள்ள வருடாந்த எண்ணிக்கை வரம்பு பல்கலைக்கழகங்களுக்கு இல்லை என்பதையும் அங்கேயே சேர்த்துவிடுவேன். ஐ-20 ஐ-20தான், அதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை.

அப்புறம், கடினமான ஒன்று. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் போன்ற அரச நிதியில் ஜே-1 வகையில் போகிறவர், படிப்பு முடிந்தபின் மொத்தமாக 2 வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு முன் எச்-1பி வதிநிலையோ நிரந்தர வதிவுரிமையோ பெற முடியாது. இதற்கு 'தாயகம் திரும்பல் விதி' என்றும் 'மீள்குடியேற்ற நிபந்தனை' என்றும் இரண்டு முன்மொழிவுகள் வந்தன. இரண்டும் நம் பகுதிக்கு ஆகாது. போரிலும் 2004 கடற்கோளிலும் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மீள்குடியேற்றம் என்பது முகாமையும் பதிவு அட்டையையும் நினைவுபடுத்தும் சொல். தாயகம் என்ற சொல்லின் அரசியல் பாரத்தையும் ஒரு வீசா விதியின் மேல் ஏற்றக் கூடாது. 'ஈராண்டு மீள்வதிவு நிபந்தனை' என்று எழுதினால் வதிநிலையோடு ஒரே குடும்பமாக நிற்கும், வேறு நினைவையும் இழுக்காது. அதிலிருந்து விடுபடக் கேட்கும் அனுமதிக்கு 'விலக்களிப்பு' இருக்கிறது, வரி விடயங்களில் ஏற்கெனவே பழகிய சொல்.

'வதிநிலை'யை மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள். "வீசா முடிந்தாலும் என் ------ செல்லுபடியாகும்" என்ற இடைவெளியில் அந்தச் சொல் பொருந்தினால் வழிகாட்டியில் அதையே வைக்கிறேன்.