ஏற்காட்டில் பழைய கல் வீடு: வாங்கும் முன் ஓதமும் பூஞ்சையும் கண்டுபிடிப்பது எப்படி?

அஸ்தம்பட்டி_வாசி:
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் பாதையில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. முன்பகுதி 18 அங்குலக் கருங்கல் சுவர், சீமை ஓடு, ஓட்டுக்குக் கீழே பலகை சீலிங். பிற்பாடு சேர்த்த இரண்டு அறையும் குளியலறையும் கான்கிரீட் தளம். பின்பக்கம் மலையை வெட்டி இடம் எடுத்திருக்கிறார்கள். வெட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடிதான். உள்ளே முழுக்கப் புதுப் பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு), புதுப் பெயின்ட். இது மார்ச் மாதம், எல்லாம் காய்ந்துதான் தெரிகிறது. இரண்டு மூன்று நாள் சாவி தருகிறார்கள். என்ன எடுத்துக்கொண்டு போவது, எந்த வரிசையில் பார்ப்பது, எதைக் கண்டால் ஒதுங்குவது?

பொறியாளர்_சேலம்:
முதல் நாள் வீட்டுக்குள் போகவே வேண்டாம், வெளியே சுற்றுங்கள். உள்ளே இருப்பதைப் பெயின்ட் மறைத்துவிடும். வெளியே மண் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை யாராலும் மறைக்க முடியாது.

ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) ஒன்று எடுத்துப் போங்கள். உள் தரைமட்டத்தை வெளியே கொண்டுவந்து நான்கு பக்கச் சுவரிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். வெளி மண் அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மலைப்பக்க மண் மழைக்கு மழை இறங்கிக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் அந்தச் சுவர் பாதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்றே கணக்கு. அதற்கு உள்பக்கம் எந்த வாட்டர்ப்ரூஃப் பூசினாலும் ஒரு ஐப்பசி தாங்காது.

அந்த மூன்றடி சந்தில் வாய்க்கால் இருக்கிறதா? ஒரு முனையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பாதியில் காணாமல் போனால் விரிசல் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. எஸ்டேட் பக்கம் என்றால் சில்வர் ஓக் இலை அடைத்து நின்றிருக்கும், முதலில் வாரிவிட்டு ஊற்றுங்கள். வெட்டுக்குத் தடுப்புச் சுவர் இருந்தால் நீர் வடியும் துளைகளைப் பாருங்கள். துளைக்குக் கீழே பாசியும் துருநிறக் கறையும் வழிந்திருந்தால் பயப்பட வேண்டாம், துளை வேலை செய்கிறது. துளையே இல்லாமல் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றால்தான் ஆபத்து. தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளுகிறது. அப்போது கவலை பூஞ்சையைப் பற்றி இல்லை, சுவர் எப்போது சரியும் என்பதைப் பற்றி.

உள்ளே போனபின் ஈரம் எந்த உயரத்தில், என்ன வடிவத்தில் என்பதே பாதி விடை. தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை பட்டையாக ஏறி, மேல் விளிம்பில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தால் நிலத்திலிருந்து ஏறும் ஓதம். ஜன்னல் மூலை, சன்ஷேடு சேரும் இடம், கைப்பிடிச் சுவருக்கு நேர் கீழே திட்டுத் திட்டாக இருந்தால் மழைநீர். மழையோ வெயிலோ, எப்போதும் ஒரே அளவில் இருந்தால் குழாய்க் கசிவு. இந்த மூன்றும் இல்லாமல் அலமாரிக்குப் பின்னால், வடக்குச் சுவரின் மேல் மூலையில், திரைச்சீலைக்குப் பின்னால் கறுப்புப் புள்ளியாகப் பூத்திருந்தால் அறைக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது.

சேலத்து ஆட்கள் கோட்டை விடுவது இந்தக் கடைசி வகையில்தான். சமவெளியில் சுவர் அவ்வளவு குளிராது. மலையில் அறை 20 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 16 டிகிரிச் சுவரிலேயே பனி படியும். பூஞ்சைக்குத் தண்ணீர் சொட்டக்கூட வேண்டாம், சுவரை ஒட்டிய காற்றில் 80 சதவீத ஈரப்பதம் நாள்கணக்கில் நின்றால் போதும். மூடிய சமையலறையில் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் காற்றில் சேர்கிறது. துணியையும் உள்ளேயே காயப்போட்டால் கேட்கவே வேண்டாம்.

கொத்துவேலை:
சார் வெளிப்பக்கம் சொல்லிட்டார், நான் கூரையும் குளியலறையும் சொல்றேனுங்க.

ஓட்டுக் கூரைன்னா பலகை சீலிங்ல ஒரு பலகையைக் கழட்டச் சொல்லி மேல தலையை விட்டுப் பாருங்க. உச்சிவெயில் நேரத்துல, டார்ச்சை அணைச்சிட்டு. வெளிச்சம் ஊசியா எங்க எங்க இறங்குதோ அங்கெல்லாம் ஓடு உடைஞ்சிருக்கு, இல்ல நகர்ந்திருக்கு. அப்புறம் டார்ச் போட்டுச் சட்டத்துல பழுப்புக் கோடு வழிஞ்சிருக்கான்னு பாருங்க. சட்டத்தோட நடுப்பகுதி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கல் சுவர் மேல உக்கார்ற முனைதான் முதல்ல உளுத்துப்போகும், ஏன்னா கல்லுல இருந்து ஈரம் இழுக்குது, காத்தும் படாது. அந்த முனையை ஸ்க்ரூடிரைவரால அழுத்திக் குத்துங்க. நல்ல மரம்னா முனை மட்டும் பதியும். பொதக்குன்னு இறங்குச்சுன்னா மாத்தித்தான் ஆகணும். முகட்டு ஓட்டுல காரை விரிஞ்சிருந்தா அது சின்ன வேலை, பயப்படாதீங்க.

பழைய ஓடும் புதுத் தளமும் சேர்ற இடம்தான் இந்த மாதிரி வீட்டுல முதல் கசிவு. அங்க தகரம் வச்சு, ஓட்டுக்கு அடியில ஒரு சாணாவது ஏத்தியிருக்கணும். வெறும் சிமெண்ட் பூசி மூடியிருந்தா ஒவ்வொரு கோடையும் விரியும்.

தளத்துல மழைத்தண்ணிக் குழாயைத் துணி வச்சு அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாக்கலாம். ஆனா கீழ கம்பி தெரியுற, கான்கிரீட் உதிர்ற தளத்துல கட்டாதீங்க. ரெண்டு அங்குலத் தண்ணி ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம்.

குளியலறைக்கும் அதே வேலைதான். தரை ட்ராப்பை (தண்ணி வடியுற ஓட்டையை) ஈரத்துணி உருண்டை வச்சு இறுக்கி அடைங்க, ஒரு அங்குலம் தண்ணி விட்டு டைல்ஸ்ல பென்சில் கோடு போடுங்க, 24 மணி நேரம். காத்துல போறது சில மில்லிமீட்டர்தான். அதுக்கு மேல இறங்குனா, அடைச்ச துணி கசியலைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, சங்கன் ஸ்லாப் (குழாய் ஓடறதுக்காகப் பள்ளமா இறக்கிப் போட்ட குளியலறைத் தளம்) தண்ணி உறிஞ்சுதுன்னு வச்சுக்கலாம். பக்கத்து அறைச் சுவரையும் ஸ்கர்ட்டிங்கையும் (சுவரடியில ஒட்டுற பட்டை) மறக்காம பாருங்க.

ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, ஃப்ளஷ் டேங்க் வால்வையும் மூடி, மேல்தொட்டியில தண்ணி மட்டத்தைக் குறிச்சு வைங்க. காலையில குறையக் கூடாது.

சுவரும்_காற்றும்:
ஈரமானி வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். ஊசி ரகம் மரத்துக்குத்தான் சரி: 15 சதவீதத்துக்குக் கீழே நிம்மதி, 20-ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கல், பூச்சு, பட்டியின் மேல் அது காட்டும் எண்ணைச் சதவீதமாக எடுக்காதீர்கள். உப்பு ஏறிய சுவர் காய்ந்தே இருந்தாலும் மீட்டர் எகிறும். பட்டிக்குள் இரும்புக் குழாய் ஓடினாலும் எகிறும். ஒரே சுவரில் ஓரடிக்கு ஒரு புள்ளி வைத்து, எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று ஒப்பிடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

அதைவிட நம்பகமானது பிளாஸ்டிக் தாள். ஒன்றரையடிச் சதுரத் தாளைச் சுவரில் நான்கு விளிம்பும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் ஈரம் கோத்தால் சுவருக்குள் இருந்து வருகிறது. அறைப்பக்கம் வேர்த்தால் காற்றில் இருந்து வருகிறது. ஒரே சுவரில் ஓரடி உயரத்தில் ஒன்று, ஐந்தடி உயரத்தில் ஒன்று என ஒட்டினால்தான் பொருள் புரியும். புதுப் பெயின்ட் டேப்போடு உரிந்து வரும், உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உரிந்தால் உங்களுக்கு லாபம்தான், அடியில் என்ன நிறம் என்று தெரியும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: உப்பு கரைந்து மறையும், பூஞ்சை கரையாது. கறுப்புப் புள்ளியில் ஒரு சொட்டு ப்ளீச் திரவம் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பூஞ்சை, மாறாவிட்டால் அழுக்கு அல்லது கரி. ப்ளீச்சோடு கழிவறை ஆசிட் கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். காற்று மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்கு அந்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. பத்து சதுர அடிக்குள் இருந்தால் என்95 முகக்கவசம், கையுறை போட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்துக் காயவைத்தால் போதும் என்பதும் அவர்கள் கணக்கே. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்த வேலையை அவர் செய்யக் கூடாது. பூஞ்சை பிடித்த ப்ளைவுட், ஜிப்சம் சீலிங் துடைத்துத் தேறாது, தூக்கி எறியத்தான் வேண்டும்.

இன்னொன்று, மழைக்காலத்தில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுமா என்று குடியிருந்தவர்களைக் கேளுங்கள். ஈரச்சுவரில் பதித்த வயர்ப் பெட்டியை இதைவிடச் சீக்கிரம் எதுவும் காட்டிக்கொடுக்காது.

அஸ்தம்பட்டி_வாசி:
எல்லோருக்கும் நன்றி. பார்த்த விவரம் இது. மலைப்பக்க மண் தரைக்கோட்டுக்கு ஒன்றரையடி மேலே நிற்கிறது. சந்தில் வாய்க்காலே இல்லை, தடுப்புச் சுவரும் இல்லை, வெறும் மண்வெட்டு. பின் படுக்கையறை மலைப்பக்கச் சுவரில் ஓரடித் தாளின் சுவர்ப்பக்கம் நீர் முத்து, ஐந்தடித் தாள் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. குளியலறையை ஒட்டிய சுவரில் முதல் நாள் எதுவும் இல்லை, தண்ணீர் கட்டிய பிறகு ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஈரம். ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஓர் இரவில் 3 செ.மீ. குறைந்தது. ஓட்டுக் கூரையில் இரண்டு சட்டத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவர் அரை அங்குலம் இறங்கியது. ஈஎல்சிபி வீட்டில் இல்லவே இல்லை. வாங்கலாமா?

பொறியாளர்_சேலம்:
நல்ல சோதனை. மேலே காய்ந்து கீழே ஈரம், வெளியே மண் மேடு: மலைப்பக்கச் சுவருக்குக் காரணம் தெளிவு. மார்ச்சிலேயே முத்து கோக்கிறது என்றால் ஐப்பசி, கார்த்திகையில் அங்கே ஊறும். மருந்து உள்ளே இல்லை. மண்ணைத் தரைக்கோட்டுக்குக் கீழே 15 செ.மீ.வரை எடுத்து, துளை வைத்த தடுப்புச் சுவர் கட்டி, சரிவோடு வாய்க்கால் போட வேண்டும். மூன்றடியில் சுவரும் வாய்க்காலும் அடங்குவது கஷ்டம், வெட்டைப் பின்னுக்குத் தள்ளத்தான் வேண்டும். அப்படித் தள்ளும் இடம் இந்தப் பட்டாவுக்குள் வருகிறதா என்று சர்வேயரை வைத்து அளங்கள். பக்கத்து எஸ்டேட் நிலம் என்றால் வாங்காதீர்கள், இந்த ஓதத்தைத் தீர்க்க உங்களிடம் வழி இருக்காது.

மண்ணை எடுத்த மறுவாரமே உள்ளே பூச வேண்டாம். கனமான சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில்தான் காயும். 18 அங்குலம் இரு பக்கமும் காற்றுப் பட்டால் ஒன்பது மாதம், ஒரு பக்கம் மட்டும் என்றால் இரட்டிப்பு. கல் சுவரில் சிமெண்ட் பூச்சு, பட்டி இருந்தால் ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடிவரை செதுக்கிவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. துளை போட்டு மருந்து ஏற்றும் முறையை அந்தக் கல் சுவருக்கு யாராவது விற்க வந்தால் யோசியுங்கள். ஒழுங்கில்லாத கல் கட்டில் உள்ளே பொந்துகள் இருக்கும், மருந்து அங்கேயே ஓடி நின்றுவிடும்.

தொட்டிக் கணக்கு: 3 செ.மீ. என்றால் 25 முதல் 30 லிட்டர். அது ஒரு இணைப்புக் கசிவு, பெரிய விஷயம் இல்லை. ஆனால் குளியலறைக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது.

கொத்துவேலை:
குளியலறைத் தரையைப் பேத்து, சங்கன்ல நிரப்புனதை அள்ளி, மறுபடி வாட்டர்ப்ரூஃப் பண்ணி, சுவத்துல ஓரடி ஏத்தி, டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடியே தண்ணி கட்டிப் பாத்துட்டு மேல போங்க. டைல்ஸ் இடுக்குல எபாக்ஸி தேச்சா போதும்னு ஒருத்தர் வருவார். அனுப்பிச்சிருங்க. ரெண்டு சட்டத்துக்கும் முழுசா மாத்த வேண்டாம், உளுத்த முனையை அறுத்து அதே கனத்துல புது மரம் ஒட்டுப்போட்டு போல்ட் அடிக்கலாம். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவுல தார்த்தாள் வைக்கணும். ஈஎல்சிபி குடிபோறதுக்கு முன்னாடியே மாட்டிருங்க.

பட்டா தோதுப்பட்டா, டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடி மலைப்பக்கச் சுவத்துல ரெண்டு இடத்துல ஓரடிச் சதுரம் பட்டியைச் சுரண்டிப் பாக்க எழுத்துல அனுமதி வாங்குங்க. ஆகாதுன்னு சொன்னா விலையில அந்தச் சுவரைக் கழிச்சுக்கிட்டுப் பேசுங்க.