மறு: கலைச்சொல் – பின்சக்கர பிரேக் வேலைக்குப் ‘பின்னழுத்தி’ சரியா?

வணக்கம்.

> பின் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும் கருவிக்குப் ‘பின்னழுத்தி’ எனலாம்.

சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் அந்தக் கருவியைக் கையில் பிடித்தவர் இந்தப் பெயரை வைக்க மாட்டார். போன ஞாயிறு என் காரின் பின்சக்கர பிரேக் கட்டைகளை வீட்டிலேயே மாற்றினேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

சக்கரத்தோடு சுழலும் தட்டின் இருபுறமும் பிரேக் கட்டைகளை வைத்து இறுக்கும் பாகம்தான் காலிப்பர்; அதற்குள் இருக்கும் பிஸ்டன்தான் கட்டையைத் தட்டின் மேல் தள்ளுகிறது. கட்டை தேயத் தேய பிஸ்டன் வெளியே நீண்டுகொண்டு வரும். புதுக்கட்டை தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே அனுப்பினால்தான் இடம் கிடைக்கும். முன்சக்கரம் என்றால் ஒரு சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் C வடிவப் பிடி) போதும், நேராக அமுக்கலாம். பின்சக்கரத்தில் கதை வேறு. பல கார்களில் ஹேண்ட்பிரேக்கும் அதே காலிப்பருக்குள் இருக்கிறது. தேய்மானத்தை ஈடுகட்ட பிஸ்டனுக்குள் மரை போட்ட தண்டு ஒன்று உண்டு. நேராக அமுக்கினால் பிஸ்டன் அசையாது. பலத்தைக் கூட்டினால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும். இது தெரியாமல் கால் மணி நேரம் கிளாம்ப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, எனக்குக் கைவலு குறைவு. அப்புறம்தான் பிஸ்டன் முகத்தில் சிலுவை போல வெட்டியிருந்தது கண்ணில் பட்டது. கருவியின் பற்களை அதில் பொருத்தி, அழுத்தம் விடாமல் திருகினேன். மெல்ல மெல்ல இறங்கிற்று.

அமுக்குவது பாதி வேலைதான், திருகுவது மறுபாதி. ‘பின்னழுத்தி’ என்ற பெயரை நம்பினால் நான் செய்த தவற்றையே எல்லோரும் செய்வார்கள். என் பரிந்துரை: திருகமுக்கி. முன்பு ஒருவர் சொன்ன ‘வலந்திருகி’யும் ஒத்துவராது. பெரும்பாலும் வலப்புறம்தான் என்றாலும், இடப்புறம் திருக வேண்டிய காலிப்பர்களும் இருக்கின்றன.

> காலிப்பருக்கு ‘கவ்வி’?

அப்படியானால் சி-கிளாம்ப்பை என்னவென்று சொல்வது? ‘கவ்வியைக் கவ்வியால் அமுக்கவும்’ என்று கையேடு எழுத நேரும்! பள்ளிப் பாடத்தில் வெர்னியர் காலிப்பர் ‘வெர்னியர் அளவி’ ஆயிற்றே என்று ‘அளவி’யைக் கொண்டுவரவும் முடியாது, இது எதையும் அளப்பதில்லை. தட்டை இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடிப்பதால் ‘பிரேக் இடுக்கி’ என்பேன். ‘கட்டை’யை மட்டும் யாரும் தொட வேண்டாம். சைக்கிள் காலத்திலிருந்து புழங்குகிற சொல்.

-----

திருகமுக்கிக்கு என் வாக்கு. ஆனால் ஒரு சந்தேகம். மின் ஹேண்ட்பிரேக் உள்ள கார்கள் பலவற்றில் முதலில் அதன் மோட்டாரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். தண்டு தானே பின்வாங்கிவிடுகிறது. அப்புறம் நேராக அமுக்கினாலே பிஸ்டன் போய்விடுமே, அங்கே இந்தப் பெயர் பொய்யாகிவிடாதா?

-----

அங்கே கருவியே தேவையில்லையே, பெயர் எப்படிப் பொய்யாகும்? சாதா கிளாம்ப்பே போதும்.

எனக்கு இன்னொரு சொல் வேண்டும். சில கட்டைகளின் முதுகில் சின்னதாக ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. பிஸ்டனை இறக்கியபின் அதன் வெட்டு இதற்கு நேராக வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டை கோணலாக உட்கார்ந்து ஒருபக்கமாகத் தேயும். நான் கடைசியில் கால் சுற்று திருப்பிச் சரிசெய்தேன். இதைக் ‘குமிழ்’ என்பதா, ‘முளை’ என்பதா? வெட்டுக்குள் போய் உட்காருவதால் ‘முளை’ பக்கம் சாய்கிறேன்.